நான் வரைந்த ஏகாரம்

பழைய எழுத்தைக் கணினி எழுத்துருவாக மாற்ற உட்காருகிற எல்லாருக்கும் ஒரு கட்டத்தில் இந்தச் சிக்கல் வந்தே தீரும். பழைய நூலில் இருக்கும் வடிவங்களை எல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டாலும் இன்றைய தமிழை அவற்றால் மட்டும் எழுத முடியாது. விட்டுப்போன எழுத்துகளை யாராவது வரைந்தாக வேண்டும். முன்னூறு ஆண்டுப் பழைய எழுத்துகளுக்கு நடுவே நேற்று வரைந்த எழுத்தும் போய் உட்கார்ந்துகொள்ளும். நன்றாக வரைந்திருந்தால் எது பழையது, எது புதியது என்று யாருக்கும் தெரியாது. இந்த வேலையின் திறமையும் அங்கேதான் இருக்கிறது, ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பாராட்டின் மூலம். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் கடம்பூர்க்காரி. வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் என்றால் போளி ஞாபகம் வரும். ரயிலில் போகிறவர்களுக்குக் கோவில்பட்டிக்கும் மணியாச்சிக்கும் நடுவில் வரும் ஒரு ஸ்டேஷன். சுற்றிலும் கரிசல் காடு, தீப்பெட்டி ஆபீஸ், மானாவாரி வெள்ளாமை. எழுத்து வேலைக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. சம்பந்தம் நிறையவே இருக்கிறது. கோவில்பட்டிக்கு மேற்கே கழுகுமலையில், 8, 9ஆம் நூற்றாண்டுகளின் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் சமணச் சிற்பங்களுக்குக் கீழே வரிசையாக இருக்கின்றன. எங்கள் பக்கத்துக் காமநாயக்கன்பட்டி, வீரமாமுனிவர் தமிழகம் வந்த தொடக்க காலத்தில் தங்கிப் பணியாற்றிய ஊர். இதே மாவட்டத்துக் கடற்கரையில், புன்னைக்காயலில், 1586இல் அடியார் வரலாறு தமிழில் அச்சானது. கல், ஓலை, ஈயம் என்று தமிழ் எழுத்து பட்ட பாடுகள் அனைத்தையும் ஒரு நாள் பஸ் பயணத்துக்குள் பார்த்துவிடலாம்.

நான் எழுத்துரு வேலைக்கு வந்த வழி டிடிபி கடை. கோவில்பட்டியில் ஒரு கடையில் கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோயில் கொடை நோட்டீஸ், தீப்பெட்டி லேபிள் என்று எல்லாம் அடித்தேன். பேஜ்மேக்கரும் கோரல்டிராவும்தான் எங்கள் உலகம். அப்போது நாங்கள் அடித்தது பாமினி எழுத்துருவில். அதில் ‘அம்மா’ என்று வர வேண்டுமானால் ஆங்கில விசைகளில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று அடிக்க வேண்டும். திரையில் அழகாக ‘அம்மா’ என்று தெரியும். அதே கோப்பைப் பாமினி இல்லாத கணினியில் திறந்தால் அந்த ஐந்து ஆங்கிலக் குறிகளும் அப்படியே வந்து நிற்கும். கணினிக்குள் தமிழ் என்று ஒன்று கிடையாது. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை ஒட்டிவைத்திருந்தார்கள். “எழுத்து உடையுதுக்கா” என்று பென்டிரைவோடு வருகிற பையன்களுக்கு நாள் முழுக்கப் பதில் சொல்லிச் சொல்லியே எனக்கு ஒன்று விளங்கியது. எழுத்துரு வெறும் படம் அன்று. ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்தான் எழுத்து. வடிவம் அதற்கு உடுத்திவிட்ட உடை. ஒரே எண்ணைத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் கொடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

யுனிகோடு வந்த பிறகு தமிழுக்கென்று தனி எண்கள் கிடைத்தன. 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தாலும், எங்கள் கடைகளுக்கு அது வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. வந்ததும் நான் ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற இலவச மென்பொருளை இறக்கி, எழுத்து வரையக் கற்றுக்கொண்டேன். தமிழுக்கு எழுத்துரு செய்வது எவ்வளவு வேலை என்பது உள்ளே இறங்கினால்தான் தெரியும். உகர, ஊகார வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு மெய்க்கும் கு, கூ, ஙு, ஙூ என்று முப்பத்தாறு தனி வடிவங்கள் வரைய வேண்டும். ஒன்றின் வால் இன்னொன்றுக்குப் பொருந்தாது. டி, டீ தனி. கொம்பு எழுத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டும், ஆனால் அடிக்கும்போது பின்னால் அடிப்போம். அந்த இட மாற்றத்தைக் கணினி செய்வதற்கு எழுத்துருவும் ஒத்துழைக்க வேண்டும்.

இந்த வேலை கைக்கு வந்ததும், என் மனம் ஜெர்மனியில் வார்த்த தமிழ் எழுத்தின் மேல் போயிற்று.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1706இல் லுத்தரன் பாதிரியார் சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்தார். தமிழ் கற்றார், ஓலைச் சுவடிகளைச் சேர்த்தார், அச்சுக்கூடம் வேண்டும் என்று எழுதினார். ஜெர்மனியின் ஹாலே நகரில், ஃபிராங்கே என்பவர் தொடங்கிய நிறுவனத்தில், அவர் அனுப்பிய மாதிரிகளைப் பார்த்துத் தமிழ் எழுத்தை வெட்டினார்கள். எஃகு முனையில் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றிச் செதுக்கி, அதைச் செம்பில் அடித்துப் பள்ளமாக்கி, அந்தப் பள்ளத்தில் உருக்கிய ஈயக் கலவையை ஊற்றி எடுக்க வேண்டும். இப்படி வார்த்த எழுத்துகள் 1713இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தன. அளவு மிகப் பெரிதாக இருந்ததால் காகிதம் நிறையச் செலவானது. ஹாலேயிலிருந்து வந்த அச்சு வேலைக்காரர் ஆட்லர் இங்கேயே சிறிய எழுத்துகளை வெட்டினார். 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி வந்தது. அடுத்த ஆண்டு, 1716இல், சீகன்பால்கு லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் ஹாலேயில் அச்சானது. அதில் லத்தீன் எழுத்தோடு தமிழ் எழுத்தும் ஒரே பக்கத்தில் நிற்கிறது.

அந்தப் பக்கங்களின் மின்படிகளைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்கு ஆசை வந்துவிட்டது. தமிழ்நாட்டையே பார்க்காத கைகள், தமிழ் வாசிக்கத் தெரியாத கைகள், எங்கோ குளிர்தேசத்தில் உட்கார்ந்து ஓலை எழுத்தை எஃகில் கொண்டுவரப் பட்ட பாடு ஒவ்வொரு வளைவிலும் தெரிந்தது. ஓலையில் எழுத்தாணி ஒரே தடிமனில் ஓடும். ஈய எழுத்தில் தடிப்பும் மெலிவும் மாறி மாறி வரும். அந்த மாற்றத்தைக் கணினியில் பிடித்து வைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

வேலையில் முதலில் வரும் கேள்வி: எதை வரைவது? தாளில் தெரிவது ஈய எழுத்து அன்று, ஈயம் விட்டுப்போன மை. ஈரத்தாளில் அழுத்தும்போது மை ஓரங்களில் பிதுங்கும், உள்வளைவுகள் அடைபடும், நுனிகள் மொட்டையாகும். ஒரே ‘க’ ஒரு வரியில் பருத்தும் அடுத்த வரியில் மெலிந்தும் இருக்கும். ஒன்றை மட்டும் பார்த்து வரைந்தால் ஒரு நாளின் மையைத்தான் வரைந்திருப்போம். ஆகவே, ஒரே எழுத்து வரும் இடங்களை எல்லாம் வெட்டி எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினேன். எல்லாவற்றிலும் மாறாமல் நிற்கும் ஓரம்தான் ஈயத்தின் ஓரம். அதன் மேல் வளைகோட்டை ஓட்டினேன். கோட்டைத் தாங்கும் புள்ளிகளான நோடுகளைக் குறைவாக வைத்தால்தான் வளைவு ஓடும், கூட்டினால் நெளியும். ‘ண’வின் சுழிகளில் நான் செலவழித்த பொழுது எந்த எழுத்துக்கும் செலவழிக்கவில்லை.

அடுத்தது ‘ர’. ஓலைச் சுவடி எழுத்தில் ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவம். வாசிப்பவர் இடம் பார்த்து ரகரமா காலா என்று புரிந்துகொள்வார். இன்றைய கணினியில் இரண்டுக்கும் வெவ்வேறு எண்கள். ஆகவே இரண்டு எண்களுக்கும் ஒரே வடிவத்தைக் கொடுத்தேன். கண்ணுக்குச் சுவடியைப் போல ஒன்றாகத் தெரியும்; தேடும்போது கணினி இரண்டையும் பிரித்தே பார்க்கும். பழமையையும் விடாமல் இன்றைய பயனையும் கெடுக்காமல் ஒரு வழி கிடைத்ததில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

ஆனால் எல்லாம் இப்படி எளிதாக முடியவில்லை. நான் எடுத்துக்கொண்ட பக்கங்களில் சில எழுத்துகள் வரவே இல்லை. அக்காலச் சுவடியைப் பின்பற்றிய அச்சு என்பதால், நாம் போடுவதுபோல் எல்லா மெய்க்கும் புள்ளி கிடையாது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் சுவடி எழுதியவர்கள் புள்ளியைத் தவிர்த்தார்கள் என்பார்கள். இன்றைய நிறுத்தக் குறிகள் பலவற்றுக்கும் அங்கே மாதிரி இல்லை. ரூபாய்க் குறி 2010இல் வந்தது. அதை வடிவமைத்த உதயகுமார் தமிழ் அச்செழுத்தையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டவர் என்பதில் எங்களைப் போன்றவர்களுக்குப் பெருமை உண்டு. ஆனால் 1716ஆம் ஆண்டுப் பக்கத்தில் அந்தக் குறிக்கு ஏது இடம்?

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஏகாரமும் ஓகாரமும். பழைய தமிழில் புள்ளி வைத்தால் எகரம், வைக்காவிட்டால் ஏகாரம். ஒகர ஓகாரத்துக்கும் அதே விதி. தொல்காப்பியக் காலத்து ஏற்பாடு அது. புள்ளி வைக்கும் பழக்கம் போனதும் குறிலும் நெடிலும் ஒன்றாகிவிட்டன. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க நெடிலுக்குத் தனி அடையாளம் கொடுத்தவர் வீரமாமுனிவர். ஏகாரத்துக்குக் கீழே இழுத்த கோடும், ஓகாரத்தின் சுழியும், கொம்பின் மேல் சுழித்த இரட்டைச் சுழிக் கொம்பும் அவர் தந்த வழியில் வந்தவை. இத்தாலியில் பிறந்தவர், எங்கள் கரிசல் மண்ணில் நடந்தவர், தமிழ் நெடுங்கணக்கிலேயே கை வைத்தார். தமிழும் அதை ஏற்றுக்கொண்டது. கத்தோலிக்கரான அவருடைய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் அச்சானது, சமயத்தில் அவரோடு ஓயாமல் மோதிய தரங்கம்பாடி லுத்தரன்களின் அச்சகத்தில்தான். எழுத்துக்கு அந்தப் பெருந்தன்மை உண்டு.

ஆக, 1713இல் ஹாலேயிலிருந்து வந்த எழுத்தில் நம் ஏகாரம் இருக்க வழியில்லை. என் எழுத்துருவில் அது இல்லாவிட்டால் ‘தேன்’ என்றோ ‘ஏர்’ என்றோ யாரும் எழுத முடியாது. வரைந்தேன். அதே ஈயத் தடிப்பு, அதே மெலிவு, அதே மை பிதுங்கிய ஓரம். எகரத்தின் கடைசிக் கோட்டை எங்கே நிறுத்தி, எந்தச் சாய்வில் கீழே இறக்கியிருப்பார் அந்த ஹாலே தொழிலாளி என்று யோசித்து யோசித்து இறக்கினேன். கடைசியில் அது அந்தக் குடும்பத்துப் பிள்ளையாகவே ஆகிவிட்டது.

ஜெர்மன்காரர்களுக்கும் இதே பாடு உண்டு. அவர்கள் பல நூற்றாண்டுகளாக ஃபிராக்டூர் என்ற உடைந்த கோட்டு எழுத்தில்தான் நூல்களை அச்சிட்டார்கள். 1941 ஜனவரியில் நாஜி அரசு ஒரு சுற்றறிக்கையால் அந்த எழுத்தை ஒதுக்கிவைத்தது. இன்று அந்தப் பழைய அச்சுகளிலிருந்து கணினி எழுத்துரு செய்பவர்கள் யூரோ குறியையும் மின்னஞ்சல் முகவரிக் குறியையும் தாங்களே வரைய வேண்டியிருக்கிறது, யூரோ வந்ததே 1990களில்தான் என்பதால். ஃபிராக்டூரில் எஸ் எழுத்துக்கு இரண்டு வடிவங்கள்: அசையின் முதலிலும் நடுவிலும் நெட்டை எஸ், கடைசியில் குட்டை எஸ். சொல் எங்கே பிரிகிறது என்று தெரிந்தால்தான் எதைப் போடுவது என்று முடிவெடுக்க முடியும். எழுத்துருவால் தானாக அதை எப்போதும் கண்டுபிடிக்க முடியாது. பழைய எழுத்தை மீட்கும் ஒவ்வொருவரும் பாதி வழியில் புதிய எழுத்தை இயற்றுகிறவராக மாறியே ஆக வேண்டும். ஹாலே எழுத்தில் நான் செய்ததும் அதுதான்.

எழுத்துரு ஓரளவு முடிந்ததும் மாதிரித் தாள் ஒன்றை அச்சடித்துக் கடையில் ஒட்டினேன். எங்கள் கடைக்கு ஊர் வரலாறு எழுதும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வருவார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் அந்தத் தாளைப் பார்த்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

“ஏம்மா, பிரமாதமா செஞ்சிருக்கியே. ஆனா பாத்தியா, ஆயிரத்து எழுநூத்திப் பதிமூணுலயே ஏகாரத்துக்குக் கீழ்க்கோடு இருந்திருக்கு! வீரமாமுனிவர்தான் கொண்டாந்தாருன்னு நான் முப்பது வருசம் பாடம் நடத்திட்டேன். இத என் புத்தகத்துல போடணும்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “ஐயா, அந்தக் கோடு நான் போட்டது” என்றேன்.

அவர் தாளை மறுபடி பார்த்தார். என்னைப் பார்த்தார். கோபிக்கவில்லை. “நீ பக்கத்துல நின்னதால எனக்குத் தெரிஞ்சுது தாயி. நீ இல்லாத இடத்துல இந்தத் தாளப் பாக்கிறவனுக்கு யாரு சொல்லுவா? எழுதி வையி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் வேலை நன்றாக இருந்ததனாலேயே அது ஒரு பொய்ச் சான்றாக மாறப் பார்த்தது. மோசமாக வரைந்திருந்தால் அவர் ஏமாந்திருக்க மாட்டார். வீரமாமுனிவருக்குச் சேர வேண்டிய பெயரை, பெயர் தெரியாத ஒரு ஹாலே தொழிலாளிக்கு நான் கொடுத்துவிட இருந்தேன். அந்தத் தொழிலாளி செய்யாத ஒன்றை அவர் தலையில் ஏற்றவும் இருந்தேன். எழுத்துரு பரவும் வேகம் எல்லாருக்கும் தெரியும். ஒருவர் புத்தக அட்டையில் போடுவார், இன்னொருவர் அந்த அட்டையைப் படம் எடுத்துக் கட்டுரையில் போடுவார், பத்து வருஷம் கழித்து அது ஆதாரமாகிவிடும். கல்வெட்டில் ஓர் எழுத்தை மாற்றினால் குற்றம் என்று நமக்குத் தெரிகிறது. எழுத்துருவில் ஓர் எழுத்தைச் சேர்ப்பதும் வரலாற்றின் மேல் கை வைப்பதுதான் என்பது எனக்கு அன்றுதான் முழுசாக உறைத்தது.

ஏகாரத்தை எடுத்துவிட்டால் போதுமா? போதாது. எடுத்துவிட்டால் அந்த எழுத்துருவில் யாரும் எதையும் எழுத முடியாது. அது காட்சிப் பொருளாக நின்றுவிடும். புதிய எழுத்து வேண்டும். அது புதியது என்ற அடையாளமும் வேண்டும். அதற்கான வழியைத் தேடினேன்.

ஓப்பன்டைப் என்ற வகை எழுத்துருக்களில் வரலாற்று வடிவங்களுக்கென்றே ஒரு வசதி இருக்கிறது. எழுத்துருவுக்குள் ஒரே எண்ணுக்கு இரண்டு வடிவங்களை வைக்கலாம். பயன்படுத்துபவர் அந்த வசதியைத் திறந்தால் பழைய வடிவம் வரும், மூடினால் இன்றைய வடிவம் வரும். அதைக் கொண்டு என் எழுத்துருவை மாற்றியமைத்தேன். சாதாரணமாக அடித்தால் ஏகாரம் கீழ்க்கோட்டோடு வரும், மெய்க்குப் புள்ளி வரும். வரலாற்று வடிவத்தைத் திறந்தால் கீழ்க்கோடு போய்விடும், புள்ளி போய்விடும், 1716இல் தெரிந்ததுபோல் எகரமும் ஏகாரமும் ஒன்றாகிவிடும். ஆராய்பவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எண் மாறாததால் தேடலும் கெடாது.

ஃபான்ட்ஃபோர்ஜில் ஒவ்வொரு வடிவத்துக்கும் நிறம் போடலாம், குறிப்பு எழுதலாம். நூலில் பார்த்து வரைந்தவற்றுக்கு ஒரு நிறம். நூலில் பார்த்த உறுப்புகளை வைத்துக் கூட்டிச் செய்தவற்றுக்கு ஒரு நிறம். முழுக்க முழுக்க நானே வரைந்தவற்றுக்கு ஒரு நிறம். முதல் வகைக்கு எந்த நூல், எந்தப் பக்கம், எந்த வரி என்று குறிப்பில் எழுதினேன். இந்த நிறமும் குறிப்பும் சாதாரணமாக மூலக் கோப்பில் மட்டுமே இருக்கும். எழுத்துருவாக ஏற்றுமதி செய்யும்போது அவை தாமாகக் கூட வருவதில்லை. அதனால் மூலக் கோப்பையும் திறந்த உரிமத்தில் சேர்த்தே வெளியிட்டேன். மூன்று வகையையும் மூன்று பத்தியாகப் பிரித்த அட்டவணை ஒன்றைத் தனித் தாளாகவும் வைத்தேன். மாதிரித் தாளைப் புதிதாக அடித்தபோது நான் வரைந்த எழுத்துகளுக்குக் கீழே மெல்லிய கோடு போட்டேன். அந்தத் தமிழாசிரியரிடம் முதல் பிரதியைக் கொடுத்தேன். அவர் அட்டவணையைத்தான் முதலில் படித்தார்.

இந்தப் பாடம் எனக்கு மிகவும் கைகொடுத்தது கழுகுமலையில். வெட்டுவான் கோயிலைப் பார்க்கப் போகிறவர்கள் பலர் அதே மலையில் இருக்கும் சமணச் சிற்பங்களின் கீழே குனிந்து பார்ப்பதில்லை. அங்கே நூற்றையொட்டிய சிறு சிறு கல்வெட்டுகள் வட்டெழுத்தில் இருக்கின்றன. இந்தத் திருமேனியைச் செய்வித்தவர் யார், எந்த ஊர், யாருடைய மாணாக்கர் என்று சொல்பவை. குரவர்கள் இருக்கிறார்கள், குரத்திகளும் இருக்கிறார்கள். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் எங்கள் வட்டாரத்தில் ஆசிரியப் பெண்கள் இருந்தார்கள் என்பதற்குக் கல்லே சாட்சி. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போதுதான் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து தெளியும். உச்சி வெயிலில் வெறும் பாறைதான் தெரியும்.

வட்டெழுத்தில் எழுத்துரு செய்வது ஹாலே எழுத்தைவிடக் கடினம். ஈய எழுத்தில் ஒரு ‘க’ எல்லா இடத்திலும் ஒரே ‘க’, அச்சு ஒன்றுதான். கல்லில் ஒவ்வொரு ‘க’வும் தனி. பகரமும் வகரமும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் இடங்கள் உண்டு. சொல்லின் பொருளை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். எழுத்துருவில் இரண்டையும் தெளிவாகப் பிரித்து வரைந்தால் வாசிக்க எளிது. ஆனால் கல் வெட்டியவர் அப்படிப் பிரிக்கவில்லையே! அழகுக்காக நான் ஒன்றைத் திருத்தினால், அவருடைய கையை நான் மறைக்கிறேன். இங்கேயும் இரண்டு வடிவங்கள் வைத்தேன்: கல்லில் கண்டது ஒன்று, கற்பவருக்காகத் தெளிவாக்கியது ஒன்று. கல்லில் புள்ளி இல்லாத இடத்தில் நான் புள்ளி வைத்தால், அது என் புள்ளி என்று அட்டவணை சொல்லும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பிராமிக்கு 2010இல் யுனிகோடில் இடம் கிடைத்தது. கிரந்தத்துக்கு 2014இல் கிடைத்தது. தமிழின் பழைய பின்னக் குறிகளுக்கு 2019இல் கிடைத்தது. வட்டெழுத்துக்கு நான் இதை எழுதும் வரை தனி இடம் கிடைக்கவில்லை. தமிழ் எழுத்துகளின் யுனிகோடு எண்கள் மேலேயே வட்டெழுத்து வடிவத்தை உடுத்திவிட்டால் உடனே எழுதிவிடலாம். ஆனால் எழுத்துரு இல்லாத கணினியில் அது சாதாரணத் தமிழாகத்தான் தெரியும். மூலம் வட்டெழுத்து என்ற செய்தியே மறைந்துவிடும். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று யுனிகோடு ஒதுக்கியிருக்கும் தனிப்பயன் இடத்தில் வைத்தால், என் எழுத்துரு இல்லாமல் யாராலும் படிக்க முடியாது. டிடிபி கடையில் பாமினியோடு பட்ட பாடு கண்முன் வந்தது. யோசித்துத் தமிழ் எண்களையே எடுத்துக்கொண்டேன். உடைந்தாலும் தமிழாகவாவது நிற்கட்டும் என்பதால். எழுத்துருவின் பெயரிலேயே ‘வட்டெழுத்து’ என்றும் ‘கழுகுமலை’ என்றும் சேர்த்தேன். இது தற்காலிக ஏற்பாடு என்பதையும் கூட வைத்த குறிப்பின் முதல் வரியிலேயே எழுதினேன்.

இயற்றிய எழுத்து என்றாலே போலி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. உலகில் எத்தனையோ எழுத்துகளை யாரோ ஒருவர் உட்கார்ந்து இயற்றியிருக்கிறார். 12ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் பிங்கன் ஊர்த் துறவி ஹில்டகார்ட், 23 எழுத்துகளைத் தாமே உண்டாக்கினார்; தாம் இயற்றிய ஒரு மொழிக்குச் சொற்கோவையும் எழுதினார். நம் நாட்டில் ரகுநாத் முர்மு 1925இல் சந்தாலி மொழிக்கு ஓல் சிக்கி எழுத்தை இயற்றினார். இன்று பள்ளிப் பிள்ளைகள் அதில் படிக்கிறார்கள். 2008இல் வெளிவந்த யுனிகோடு பதிப்பு ஒன்றில் வேறு பலவற்றோடு இந்த மூன்றுக்கும் ஒரே நேரத்தில் இடம் கிடைத்தது. முர்முவின் ஓல் சிக்கி ஒன்று. மதுரைச் சௌராஷ்டிரர்களின் எழுத்து ஒன்று. ஜெர்மன் மொழியின் எஸ்செட் எழுத்துக்குப் பெரிய வடிவம் ஒன்று. அந்தப் பெரிய எழுத்தை ஜெர்மன் எழுத்துமுறை 2017இல்தான் முறைப்படி ஏற்றுக்கொண்டது. கணினியில் இடம் முன்னாலேயே தயாராக இருந்தது.

நம் தமிழுக்கும் இது புதிதன்று. பெரியார் 1935இல் குடிஅரசில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தில் ஒரு பகுதியைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது. ணா, றா, னா, லை, னை முதலிய 13 எழுத்துகள் மாறின. தும்பிக்கை போல் வளைந்த பழைய லைகாரம் தாத்தாவின் கடிதங்களில் மட்டும் மிஞ்சியது. வீரமாமுனிவரின் ஏகாரமும் பெரியாரின் லைகாரமும் இயற்றியவைதான். அவற்றை யார், எப்போது, எதற்காகக் கொண்டுவந்தார்கள் என்று நமக்குத் தெரியும். தெரிவதனால்தான் அவை வரலாறாக நிற்கின்றன. தெரியாமல் போயிருந்தால், தொல்காப்பியக் காலத்திலும் ஏகாரத்துக்குக் கீழ்க்கோடு இருந்தது என்று இன்று யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள்.

இப்போது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் போனிலேயே படம் எடுத்து, இலவச மென்பொருளில் எழுத்து வரையப் பழகுகிறார்கள். கல்வெட்டு, ஓலை, பழைய பத்திரம், தீப்பெட்டி லேபிள், லாரியில் எழுதிய ஊர்ப் பெயர் என்று எதைப் பார்த்தாலும் எழுத்துருவாக்கலாம் என்ற ஆர்வம் வந்திருக்கிறது. எனக்கு அதில் சொல்ல முடியாத மகிழ்ச்சி. அவர்களிடம் நான் கேட்பது இவைதான். மூலத்தை நேரில் போய்ப் பாருங்கள். முடியாவிட்டால் நல்ல மின்படியைப் பாருங்கள். இன்னொருவர் வரைந்ததைப் பார்த்து வரையாதீர்கள். ஒரே எழுத்தைப் பல இடங்களில் பார்த்த பிறகு கை வையுங்கள். இல்லாத எழுத்தைத் தயங்காமல் வரையுங்கள், இல்லாவிட்டால் அந்த எழுத்துரு யாருக்கும் பயன்படாது. ஆனால் வரைந்த அன்றே, அது உங்களுடையது என்று எழுதி வையுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போட்டால் உங்களுக்கே மறந்துபோகும்.

எழுத்துருவை இறக்கிப் பயன்படுத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. புத்தக அட்டைக்கோ, கோயில் கல்வெட்டுக்கோ, பள்ளிப் பாடத்துக்கோ ‘பழைய தமிழ் எழுத்து’ என்று ஒன்றை எடுக்கும் முன், அதனோடு வந்திருக்கும் குறிப்பைப் படியுங்கள். குறிப்பு இல்லாவிட்டால் செய்தவரிடம் கேளுங்கள்: இதில் எது மூலத்தில் இருந்தது, எது நீங்கள் வரைந்தது? பதில் சொல்ல முடியாத எழுத்துருவை அழகுக்காகப் பயன்படுத்துங்கள், ஆதாரமாகக் காட்டாதீர்கள்.